நெய்வேலி: வரைபடம் மக்கள் முன் விரியட்டும்

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக என்எல்சி இந்தியா நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்கள் பயிர் நின்ற நெல்வயல்களுக்குள் இறங்கின. இரண்டு நாள் கழித்து நெய்வேலி ஆர்ச் கேட் அருகே பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க உத்தரவானது. 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளிலேயே நிலம் கையகப்படுத்தப்பட்டுவிட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்பே தெரிவித்துவிட்டோம் என்றது நிறுவனம். அன்று தந்த விலை போதாது, நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை என்றார்கள் விவசாயிகள். வாதம் விலையையும் வேலையையும் சுற்றியே நின்றது. கால்வாய் எந்த வழியாகப் போகலாம், எந்தப் பட்டத்துக்கும் எந்தப் பட்டத்துக்கும் இடையே வெட்டினால் ஒரு போகம் தப்பும், கரை உயர்ந்தால் மழைநீர் யார் வயலில் தேங்கும் என்று இரு தரப்பும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்து பேச நம் நடைமுறையில் ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தக் கட்டத்தை உருவாக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சட்ட வல்லுநர்களும் பொறியாளர்களும் மட்டும் உருவாக்கிவிட முடியாது. கட்டடக் கலை, நகரமைப்பு, பொருள் வடிவமைப்பு, காட்சித் தொடர்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களின் கையும் அதில் வேண்டும். வடிவமைப்பு என்றதும் பூங்காவும் நீரூற்றும் வண்ணச் சுவரும் நினைவுக்கு வருவது நம் வழக்கம். அந்தப் பயிற்சியின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்னும் இல்லாத ஒன்றைப் பிறர் பார்க்கும்படி வரைந்து காட்டுவது, ஒரே தேவைக்கு மூன்று நான்கு வழிகளை அருகருகே வைப்பது, பயன்படுத்தப் போகிறவரிடம் கொடுத்துப் பார்த்துத் திருத்துவது, திருத்தியதை மறுபடி காட்டுவது ஆகியவைதான் அந்தத் தொழிலின் அன்றாடம். எங்கோ முடிவாகி வரும் திட்டத்துக்குச் சம்மதமோ எதிர்ப்போ தெரிவிக்க மட்டுமே இடம் உள்ள நெய்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை.

ஒரே காலத்தின் இரு முயற்சிகள்

இன்று என்எல்சி இந்தியா எனப்படும் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் அதே அரசு இன்னொரு வேலையும் செய்தது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை அழைத்து, இந்தியாவுக்கு எத்தகைய வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்று கேட்டது. 1958இல் அவர்கள் கொடுத்த அறிக்கையின் வழியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கை வியந்து எழுதிய பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைக்கிறார்களா தலையில் வைக்கிறார்களா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, எப்படிக் கழுவுவது, என்ன விலை ஆகும் என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்டு, இப்படி ஒரு பொருளைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து செய்திருக்கின்றன என்ற முடிவுக்கு அந்த அறிக்கை வந்தது.

பயன்படுத்துபவரின் உடலிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் தொடங்கும் அந்தக் கேள்வி முறை நெய்வேலியில் பாதி தூரம்தான் வந்தது. நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியத்துக்குள் அது தெரிகிறது. எண் இட்ட வட்டங்கள், நேரான சாலைகள், இரு புறமும் மரங்கள், வட்டத்துக்குள்ளேயே பள்ளியும் விளையாட்டுத் திடலும் கடைகளும் என்று யோசித்துக் கட்டிய ஊர் அது. தமிழ்நாட்டில் நடந்து போவதற்கு இவ்வளவு இதமான நகரங்கள் அதிகம் இல்லை. அந்த ஊருக்கும் அதன் சுரங்கங்களுக்கும் இடம் விட்டுப் போன கிராமங்களுக்கு அத்தகைய யோசனை கிடைக்கவில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் அந்தப் பெயரில் ஒரு கிராமம் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோயில் நின்றது, ஊர் கலைந்தது. ஒரு ஊரில் எவை சேர்ந்து நகர வேண்டும், எவை அசையாமல் நிற்க வேண்டும், யார் யாருக்குப் பக்கத்தில் வாழ வேண்டும் என்பவை அந்த ஊர்க்காரர்களால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இடப்பெயர்ச்சி என்பது மனைப்பட்டா வழங்கும் நிர்வாக வேலையாகச் சுருங்கியபோது அந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே போயின.

நகரியத்துக்குள் இருப்பவர்களுக்கும் ஒரு குறை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் அவர்களுக்குத் தெருவிளக்கைப் பற்றிக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. ஊரை நடத்துவது நிறுவனத்தின் நகர நிர்வாகம். உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்த 74ஆவது அரசமைப்புத் திருத்தமே, தொழில் நிறுவனம் நகராட்சிச் சேவைகளை வழங்கும் இடத்தைத் தொழில் நகரியமாக அறிவித்து நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று 243கியூ பிரிவில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஜாம்ஷெட்பூர் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் சுமந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிகளில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அந்தக் காற்று நெய்வேலியின் வட்டங்களுக்குள் வீசவில்லை. நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே இருப்பவருக்குச் சபை இல்லை. வெளியே கிராம சபையில் தீர்மானம் போடுபவருக்குச் சுரங்கத் திட்டத்தின் மீது செல்வாக்கு இல்லை.

கூட்டம் நடத்தும் முறையும் ஒரு வடிவமைப்புதான்

கருத்துக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்குகிறது. 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கை, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வருபவரின் தலைமை, வீடியோ பதிவு எல்லாம் அதில் உண்டு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை. இதன் கட்டமைப்பைக் கூர்ந்து பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். வரைவு அறிக்கை தயாரான பிறகே மக்கள் அழைக்கப்படுகிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரே நாள், ஒரே பந்தல், ஒரே ஒலிபெருக்கி. இந்த அமைப்பில் பேசத் தெரிந்தவரின் குரல் மட்டுமே பதிவாகும். நாற்று நடும் பெண்ணுக்கு எந்த வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் வரும் என்று தெரியும். அந்த அறிவு ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்காது. 2020இல் அந்த அறிவிக்கைக்கான புதிய வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மொழி என்ற முதல் படிக்கே நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது என்றால், வரைபடத்தையும் மாதிரியையும் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

நிலம் எடுப்பதில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2014இல் நடைமுறைக்கு வந்த மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் மிக முக்கியமான பகுதி சமூகத் தாக்க மதிப்பீடு. யாருடைய வாழ்க்கை எப்படி மாறும் என்று முதலில் கணக்கெடுத்து, அதை மக்கள் முன் வைத்து, அதன் பிறகே நிலம் எடுப்பதை முடிவுசெய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். தமிழ்நாடு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான மாநில நிலம் கையகப்படுத்தல் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019இல் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுக் கணக்கு மத்திய சட்டத்தின்படி. கலந்து பேசும் கட்டம் மட்டும் இல்லை. எவ்வளவு என்று பேரம் பேசலாம். ஏன், எங்கே, எப்போது என்று கேட்பதற்கு வழி அடைபட்டது. போராட்டம் சாலைக்கு வந்ததற்கு இந்த அடைப்பு ஒரு முக்கியக் காரணம்.

இந்த மண்ணிலேயே உள்ள முன்னுதாரணங்கள்

மக்களைத் திட்டத்தின் உள்ளே அழைப்பது மேல்நாட்டிலிருந்து இப்போது இறக்குமதியாகும் மோஸ்தர் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்து உயிரியலாளரும் நகரமைப்பாளருமான பேட்ரிக் கெடஸ் தம் நகரமைப்புக் கண்காட்சியைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். 1914இல் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் அந்தக் கப்பலை மூழ்கடித்தது. மனம் தளராமல் நண்பர்களின் உதவியோடு புதிதாகப் படங்களையும் வரைபடங்களையும் திரட்டி 1915இல் சென்னையில் அவர் கண்காட்சியை நடத்தினார். ஊரைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் முன் ஊரார் தங்கள் ஊரைப் படத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. பிறகு தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களின் தெருக்களில் நடந்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான குடியிருப்பை இடித்து நேர்சாலை போடும் திட்டங்களுக்கு மாற்றாக, எந்தச் சுவரை மட்டும் எடுத்தால் காற்று வரும், எந்த மரத்தடியை விட்டுவைக்கலாம் என்று தெருத்தெருவாக ஆராய்ந்து, இடிப்பும் செலவும் குறைந்த வழியைத் தஞ்சை அறிக்கையில் அவர் வரைந்து காட்டினார். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபனை கேட்கிறது. கெடஸ் வற்புறுத்திய, வரைவுக்கு முந்தைய அந்தத் தெரு நடை சட்டத்துக்குள் வரவில்லை.

நெருக்கமான காலத்துச் சான்று, நெய்வேலியிலிருந்து தெற்கே கடற்கரையோரமாகவே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டின. பல ஊர்களில் ஒப்பந்ததாரர்களின் வசதிக்காக ஒரே அச்சில் கான்கிரீட் வீடுகள் வரிசை கட்டின. நிழல் தந்த மரங்களும் அலைக்குத் தப்பிய பழைய வீடுகளும் அழிக்கப்பட்டன என்று பின்னர் வந்த ஆய்வுகள் பதிவுசெய்தன. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வேறு வழியில் போனது. கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் தலைமையிலான குழு குடும்பங்களோடு பேசி, எந்த வீட்டுக்கு எந்த அமைப்பு என்று முடிவுசெய்தது. வலை வைக்க எங்கே இடம், திண்ணை எந்தப் பக்கம், இருக்கும் மரத்தை விட்டு வீட்டை எப்படித் திருப்புவது என்பவை அங்கே வரைபடத்தில் தீர்க்கப்பட வேண்டிய கேள்விகளாக ஆயின. பேரிடருக்குப் பிந்தைய அவசரத்திலேயே இது சாத்தியமானது. அப்படியிருக்க, பல ஆண்டுகளுக்கு முன்பே நில எல்லை தீர்மானமாகும் சுரங்க விரிவாக்கத்தில் இது முடியாது என்பதற்கு நியாயம் இல்லை.

கேரளம் இதை ஆட்சி முறையாகவே செய்து பார்த்தது. 1990களின் தொடக்கத்திலேயே அங்கே தன்னார்வலர்களும் புவியியல் அறிஞர்களும் சேர்ந்து ஊராட்சிகளின் மண், நீர், நிலப் பயன்பாட்டை வரைபடமாக்கினார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் போனது. வரைபடமும் நிதியும் ஒரே கைக்கு வந்ததுதான் அந்த முயற்சியின் பலம். நிதி இல்லாமல் வரைபடம் மட்டும் வந்திருந்தால் அது பள்ளிக் கண்காட்சியோடு முடிந்திருக்கும்.

பழுப்பு நிலக்கரி நாட்டின் பாடம்

நெய்வேலியின் ராட்சதச் சக்கர வெட்டு இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நாட்டிடமிருந்து இயந்திரத்தை வாங்கிய நாம், அங்கே சுரங்கத்துக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் அழிந்தன. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டுப் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 2000 முதல் 2010 வரை அங்கே நடந்த சர்வதேசக் கட்டடக் கண்காட்சி, நிலவடிவமைப்பாளர்களையும் கட்டடக் கலைஞர்களையும் உள்ளாட்சிகளோடு இணைத்து 30 திட்டங்களை எடுத்துக்கொண்டது. குரோஸ்ரேஷன் என்ற ஊரில், குழி ஏரியாக நிரம்பும் முன்பே அதன் விளிம்பில் மேடைகள் கட்டி, கரை எங்கே வரும், ஊர் எந்தத் திசையில் திரும்பும் என்று மக்களுக்குக் காட்டினார்கள். உடைத்துப் பழைய இரும்பாகப் போகவிருந்த, சுமார் 500 மீட்டர் நீளமுள்ள எஃப்-60 மண்கடத்துப் பாலத்தை மக்கள் ஏறிப் பார்க்கும் இடமாக நிறுத்தினார்கள். போன வேலைகள் எல்லாம் இதனால் திரும்பி வரவில்லை. இளைஞர்கள் வெளியேறியதும் உண்மை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து நிலம் என்ன ஆகும் என்பதை ஊரார் வாதிக்கும்படி கண்முன் கொண்டுவர முடியும் என்று அது நிறுவியது. அதே நாட்டின் மேற்கில், 2023 ஜனவரியில் லுட்செராத் என்ற சிற்றூரைச் சுரங்கத்துக்காகக் காலிசெய்யக் காவல்துறை குவிக்கப்பட்டதையும் மறக்கலாகாது. எடுக்கப் போகிற முடிவோடு கலந்துரையாடல் இணையாத இடத்தில் அங்கும் முடிவைக் காவல்துறைதான் நிறைவேற்றியது.

சுரங்கத்துக்குப் பின் என்ன என்ற கேள்வி நெய்வேலிக்குத் தொலைவில் இல்லை. 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. சுரங்கம் நகர நகர, பின்னால் மண் நிரப்பிய நிலமும் மேல்மண் குன்றுகளும் பெருகுகின்றன. ஒரு டன் நிலக்கரிக்கு அதைப் போல் பல மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். அப்படி வெளியேறும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது. சுரங்கம் நின்றால் அந்த நீர் என்ன ஆகும்? நிரப்பிய நிலத்தில் காடா, வயலா, சூரிய மின் தகடா? 2023இல் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் வெளியிட்ட அறிக்கை, சுற்றுவட்டார நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் இருப்பதாகச் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைக் கையிலெடுத்தது. நீர்மட்டத் தகவல் ஓரிடம், மாசுத் தகவல் ஓரிடம், சர்வே எண் ஓரிடம், சுரங்கத்தின் ஆண்டுத் திட்டம் இன்னோரிடம் என்று சிதறிக் கிடப்பதை ஒரே தாளில், ஊரார் தங்கள் வீட்டையும் கிணற்றையும் அடையாளம் காணும் அளவில் கொண்டுவருவதே வடிவமைப்பாளரின் முதல் கடமை.

எழும் ஆட்சேபங்கள்

சுரங்கம் பொறியியல் விஷயம், நிலக்கரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோண்ட முடியும் என்பார்கள். படுகையின் இடம் மாறாது என்பது சரி. எந்த வரிசையில் தோண்டுவது, மண்ணை எங்கே கொட்டுவது, ஆற்றை எப்படித் திருப்புவது, சுடுகாட்டுப் பாதை எது, மறுகுடியமர்வுக்கு எந்த ஊர், அங்கே தெருக்கள் எப்படி என்பவற்றில் தெரிவுகள் உண்டு. மாற்ற முடியாததையும் மாற்றக்கூடியதையும் பிரித்து, இரண்டையும் நேர்மையாக வெவ்வேறு நிறத்தில் காட்டினாலே பாதி சந்தேகம் தீரும். எல்லாமே தொழில்நுட்பம் என்று சொல்வது, மாற்றக்கூடியதையும் மக்களின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

இதெல்லாம் காலத்தை விழுங்கும், மாநிலத்துக்கு மின்சாரம் வேண்டாமா என்பது அடுத்த ஆட்சேபம். 2013க்குள் எடுத்து முடித்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் 2023இல்தான் இயந்திரம் இறங்க முடிந்தது, அதுவும் காவல்துறைப் பாதுகாப்புடன். கலந்து பேசாத வழியே பத்தாண்டுத் தாமதத்தைத் தந்திருக்கிறது. முன்கூட்டிச் செலவிடும் ஓராண்டு அதைவிட மலிவானது.

மக்கள் கேட்பது வேலையும் நியாயமான பணமும்தான், வரைபடம் யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு மதிப்பளிக்க வேண்டும். வேலைக்கும் இழப்பீட்டுக்கும் வரைபடம் மாற்றாகாது. அப்படி மாற்ற முயல்வது அநீதி. ஆனால் இழப்பீட்டின் கணக்கே பட்டாவிலிருந்து தொடங்குகிறது. குத்தகைக்குப் பயிரிடுபவர், கூலிக்கு நடுபவர், வயலோரம் ஆடு மேய்ப்பவர், ஊர்க் கடைக்காரர் ஆகியோர் பட்டாவில் இல்லை. ஒரு ஊரின் ஆண்டு முழுவதற்குமான வேலை, நீர், நடை ஆகியவற்றை ஊராரோடு சேர்ந்து வரைந்தால் இவர்கள் கணக்குக்குள் வருகிறார்கள். ‘வீடு, நிலம் கொடுத்தோர்’ என்ற சொல்லுக்குள் அடங்காத இழப்புகளைக் கண்ணுக்குக் கொண்டுவர இதைவிட நேரடியான வழி தெரியவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம், இது கண்துடைப்பாகிவிடும் என்பது. அழகான படங்களும் மாதிரிகளும் எதிர்ப்பைக் கரைக்கும் விளம்பரமாக மாற முடியும்; நிறுவனத்திடம் சம்பளம் வாங்கும் வடிவமைப்பாளர் நிறுவனத்துக்கே வேலை செய்வார். இந்த அச்சம் நியாயமானது. நிபந்தனைகளால் மட்டுமே அதைப் போக்க முடியும். ‘வேண்டாம்’ என்பதும் மேசைமேல் உள்ள மாற்று வழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் எதிர்ப்புக்குப் பின் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில், புவனகிரி சுற்றுவட்டாரம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வருகிறது. மறுப்பு என்பது சட்டத்திலும் நடைமுறையிலும் ஏற்கெனவே இடம்பெற்ற தெரிவு என்பதை இவை சொல்கின்றன. அடுத்த நிபந்தனை, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் என்ன மாற்றம் செய்யப்பட்டது அல்லது ஏன் செய்யப்படவில்லை என்று எழுத்தில் பதில் தருவது. வடிவமைப்பாளருக்கான பணம் நிறுவனத்தின் கையிலிருந்து நேரடியாக வரக்கூடாது என்பது மூன்றாவது.

செய்ய வேண்டியவை

அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கி, சுரங்கம் நடத்துவோர் அதற்குப் பங்களிக்க வேண்டும் என்றது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான அந்த நிதியிலிருந்து கடலூர் மாவட்ட நிர்வாகம் ஒரு நிரந்தரத் திட்டக் கூடத்தை அமைக்கலாம். அது ஆர்ச் கேட்டுக்குள் இருக்கக் கூடாது. சேத்தியாத்தோப்பிலோ பாதிக்கப்படும் கிராமம் ஒன்றிலோ, வயல் வேலை முடிந்து மாலையில் பெண்களும் வந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும். சர்வே எண் அளவில் நிலப்படம், மேடு பள்ளம் தெரியும் மாதிரி, கிணற்று நீர்மட்டம், அடுத்த பத்தாண்டுகளுக்குச் சுரங்கம் நகரும் வரிசை ஆகியவை அங்கே தமிழில் எப்போதும் விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பயிர்ப் பட்டங்களும் சுரங்கப் பணிகளும் ஒரே நாட்காட்டியில் இருந்தால், பயிர் நிற்கும்போது இயந்திரத்தை இறக்கும் நிலை வராது. இந்த வரைபடங்களின் மீது கிராம சபை எடுக்கும் தீர்மானம் சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பில் கட்டாயம் இணைய வேண்டும்.

நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் பகுதி சபையை ஒத்த வட்ட சபை கூட வேண்டும். குடியிருப்பில் வீடு இல்லாமல் மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதில் குரல் வேண்டும். அந்த ஊரின் சாலைகளையும் மருத்துவமனையையும் அவர்களும்தான் தாங்கி நிற்கிறார்கள். நிலக்கரி அமைச்சகத்தின் 2009 வழிகாட்டுதல்கள் முதல் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயமாகியிருக்கிறது. அந்தத் திட்டம் அலுவலகக் கோப்பாக உறங்காமல் திட்டக் கூடத்தின் சுவரில் வர வேண்டும். நிரப்பிய நிலம் யாருக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்பது நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் முன் இப்போதே பேசப்பட வேண்டும்.

கல்வி நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியும் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் பக்கத்திலேயே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பருவம் இந்தக் கூடத்தில் பணியாற்றலாம். நம் வடிவமைப்பு மாணவர்கள் கற்பனை மனைகளுக்கு அருங்காட்சியகம் வரைந்து பட்டம் பெறுகிறார்கள். உண்மையான ஒரு கிராமம் எங்கே போய் வாழும் என்ற கேள்வியில் ஒரு பருவம் செலவிட்டால், வரைவதற்கு முன் கேட்கக் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் முடிவெடுப்பவர்களாக வரக் கூடாது; ஊரார் சொல்வதைக் கோடாக்கிக் காட்டி, தவறென்றால் அழித்து வரைபவர்களாக வர வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை; மாவட்ட ஆட்சியரின் முன்முயற்சியும் மாநில அரசின் ஓர் ஆணையும் நிறுவனத்தின் மனமும் போதும். சமூகத் தாக்க மதிப்பீட்டை மறுபடி கொண்டுவர மட்டும் சட்டமன்றம் முன்வர வேண்டும். அதைத் தமிழக அரசியல் கட்சிகள் ஒவ்வொன்றிடமும் கேட்பது கடலூர் மாவட்ட மக்களின் உரிமை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்மாநிலங்களின் விளக்குகள் எரிய நிலம் கொடுத்த ஒரு வட்டாரத்துக்கு, தன் எதிர்காலத்தின் வரைபடத்தைப் பார்க்கவும் அதில் கோடு போடவும் உரிமை கொடுப்பது சலுகை ஆகாது. நெய்வேலியில் அடுத்த விரிவாக்கத்துக்கான எந்தக் கோப்பும் இந்தக் கூடத்தின் வழியாகவே தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டும் என்று அரசு இப்போதே அறிவிக்கட்டும்.